இரும்பு நிற்கும், ரப்பர் போகும்: பழைய பஜேரோவோடு பத்து ஆண்டுகள்

2017ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துப் பாதை. செம்மண் சேறு. பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. ஃபோர் வீல் டிரைவுக்காகச் சின்ன லீவரை 2எச்சிலிருந்து 4எச்சுக்குத் தள்ளினேன். மீட்டரில் முன்சக்கரங்களைக் காட்டும் விளக்கு நிலையாக எரிய வேண்டும். அது மினுக்கிக்கொண்டே இருந்தது. தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்துவிட்டது.

மறுநாள் காட்டிய பட்டறையில், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். 80 ஆயிரம் ஆகும், பாகம் கிடைக்க மாதக்கணக்கு ஆகும் என்றும் சொன்னார்கள். அப்படியே தாம்பரத்துக்கு ஓட்டி வந்து, பழைய டீசல் ஜீப்புகளிலேயே கை தேர்ந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்து, முன்சக்கரங்களை இணைக்கும் வேக்குவம் செல்லும், பென்சில் தடிமனுள்ள ஒரு ரப்பர் டியூபை மெதுவாக வளைத்தார். வெடிப்பு தெரிந்தது.

“தம்பி, இரும்பு இருவது வருஷம் நிக்கும். ரப்பர் நிக்காது. மொதல்ல ரப்பரைப் பாரு” என்றார்.

இரண்டு மீட்டர் வேக்குவம் டியூப் 120 ரூபாய். அரை மணி நேர வேலை. விளக்கு நிலைத்து எரிந்தது.

பழைய சொகுசு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பற்றி நான் கற்ற எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். என் வண்டி 2006 மாடல் பஜேரோ, 2.8 லிட்டர் டீசல். பாகங்களாக வந்து, நம் திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டது. டக்கார் ராலியை 12 முறை வென்ற பெயர். அதன் சேஸிஸும் இன்ஜினும் இன்னும் உறுதியாக இருக்கின்றன. என்னிடம் வேலை வாங்கியவை எல்லாம் டியூப், சீல், புஷ், பெல்ட், எண்ணெய் இவைதான். அவை எந்த வண்டியிலும் வயதானால் போகக்கூடியவை.

விலை இறங்கும், செலவு இறங்காது

2015 தொடக்கத்தில் நாலரை லட்சத்துக்கு வாங்கினேன். முதல் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவானது. விலை உயர்ந்த வண்டி பழசானால் வாங்கும் விலை சின்னக் கார் அளவுக்கு வந்துவிடும். ஆனால் டயர், பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாம் பெரிய வண்டிக்கு உரிய விலையில்தான் இருக்கும். ஆகவே வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகே விலை பேசுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் இந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கட்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும்தான் உண்மை பேசும். கீழே படுத்து, சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின்சக்கரங்களை ஒட்டிய பகுதியை. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். கடற்கரையோரம் நின்ற வண்டியென்றால் இதைத் தவறவே விடாதீர்கள். மண் தரையில் 4எச், லோ கியர் இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆர்.சி. புக்கில் நிதி நிறுவனக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள். 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. என் வண்டிக்கு 2021இல் அது வந்தது. பிரேக், விளக்கு, புகை எல்லாம் ஒழுங்காக இருந்ததால் ஒரே நாளில் முடிந்தது.

வாங்கியதும் எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள்

முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும் சரி, கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், முன்னும் பின்னும் இரண்டு கிரவுன் (டிஃப்ரன்ஷியல் பெட்டி) ஆயில், பிரேக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், கூலன்ட் என்று மொத்தம் எட்டு. எவ்வளவு, எந்த கிரேடு என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள். இரண்டு நாளில் வீட்டு வாசலிலேயே செய்து முடித்தேன். கியர்பாக்ஸிலும் கிரவுனிலும் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது கழன்ற பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றால் வண்டி நகராது.

வடியும் எண்ணெய் ஒரு மருத்துவ அறிக்கை. கருத்திருந்தால் வயது. பளபளக்கும் தூள் கொஞ்சம் இருந்தால் தேய்மானம். விரலில் சில்லாக அகப்பட்டால் பல் உடைகிறது என்று பொருள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது.

அந்த டீ நிறத்தை நான் நேரில் கண்டது 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. முடிச்சூர்ப் பக்கம் முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் அக்கம்பக்கத்துப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் போய் வந்தேன். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பின்னாலிருந்து ஊளைபோல் சத்தம் வந்தது. ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போகும் சின்னக் குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்த வாரமே இரண்டு கிரவுன் ஆயிலையும் மாற்றியிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். பேரிங் மாற்றியதில் 22 ஆயிரம் போனது. ஆழமான தண்ணீரில் ஓட்டினால் அந்த வாரமே எண்ணெயைப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டியென்றால் சாவியையே திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

வெப்பம்தான் முதல் எதிரி

இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும். ஒருமுறை கடுமையாக ஹீட் ஆனால் போதும், ஹெட் வளைந்துவிடும் அல்லது வெடித்துவிடும். வீட்டில் செய்யக்கூடிய நான்கு சோதனைகளை எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகும் விறைப்பாக இருந்தால் சிலிண்டரின் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

இரண்டு, நன்றாக ஓடிச் சூடான இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்க வேண்டும். தடையின்றிச் சுழன்றால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. மலை ஏற்றத்திலும் நெரிசலிலும் அது உங்களைக் கைவிடும்.

மூன்று, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மண்ணும் பூச்சிகளும் கம்பளிபோல் அடைந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நான்கு, ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வாஷர் தட்டையாகிவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சொட்டுத் தெரியாமல் குறையும். நான் ஒரு கோடை முழுக்க எங்கே ஒழுகுகிறது என்று தேடினேன், கடைசியில் மூடிதான். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

வாசலில் செய்வதும் செய்யக் கூடாததும்

ஃபில்டர், பெல்ட், ஹோஸ், பிரேக் பேட், பேட்டரி முனைகள், பல்ப், ரிலே, புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் அடிப்பது, இவ்வளவையும் நான் வீட்டிலேயே செய்கிறேன். டார்ஷன் பார், காயில் ஸ்பிரிங், டீசல் பம்ப், ஏர்பேக், ஏ.சி. கேஸ் ஆகியவற்றைத் தொடுவதில்லை. முன்பக்கத்து டார்ஷன் பார் வண்டியின் பாரத்தை முறுக்கில் தாங்கி நிற்கிறது. முறை தெரியாமல் போல்ட்டைத் தளர்த்தினால் கை போய்விடும்.

இந்த வண்டி சுமார் 2 டன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கீழே படுக்க வேண்டும். கியரில் நிறுத்தியிருக்கிறோமே என்று நம்பாதீர்கள். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் கிரவுனுக்குள் இருக்கும் டிஃப்ரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருளவிடும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லாமல் நான் வண்டிக்கு அடியில் போவதில்லை.

பாகம் தேடும் வழி

பாகம் கிடைக்காது என்று பலர் இந்த வண்டிகளைக் கழித்துவிடுகிறார்கள். பேரிங், ஆயில் சீல் இரண்டிலும் அவற்றின் எண்ணோ அளவோ பொறிக்கப்பட்டிருக்கும். சென்னையில் எந்தப் பெரிய பேரிங் கடையிலும் அந்த எண்ணைச் சொன்னால் நல்ல கம்பெனிப் பொருள் கிடைக்கும், வண்டியின் பெயரே தேவையில்லை. மற்றவற்றுக்குச் சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏதோ ஒன்று வரும், நம்பரைச் சொன்னால் அதுவே வரும். கதவுக் கண்ணாடி, விளக்கு, கைப்பிடி, உள்பக்க பிளாஸ்டிக் ஆகியவற்றுக்குப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள் போதும். பிரேக், ஸ்டீயரிங், ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். கழற்றிய பாகத்தைப் புதியது பொருந்தி ஒரு மாதம் ஓடும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

பயன்படுத்தினால்தான் வேலை செய்யும்

ஃபோர் வீல் டிரைவைத் தொடாமலே வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அது வராது. மாதம் ஒருமுறை மண் மைதானத்தில் 4எச்சும் லோ கியரும் போட்டு ஒரு கிலோமீட்டராவது ஓட்டுகிறேன். சென்டர் டிஃப்ரன்ஷியல் பூட்டிய நிலையில் தார்ச்சாலையில் திருப்பாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் அந்த முறுக்கு முழுவதும் பல்சக்கரத்தின் மேல் ஏறும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினேன், என்ன விலை, என்ன சத்தம் கேட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் அது நினைவுக்கே வராது. புதிய பழுது வந்ததும் நோட்டைத் திருப்பிக் கடைசியாக எதைத் தொட்டோம் என்று பார்ப்பேன். பல நேரம் விடை அங்கேயே இருக்கும்.

உங்களிடம் இப்படி ஒரு வண்டி இருந்தால், பெரிய தொகை சொல்லும் எந்தத் தீர்ப்புக்கும் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த நாளில் டியூப், மூடி, ஃபியூஸ், வயர் முனை, எண்ணெய் என்று விலை குறைந்ததிலிருந்து வரிசையாகச் சோதியுங்கள். அந்த வரிசையில் எதுவும் அகப்படாத பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். என் டிரான்ஸ்ஃபர் கேஸை இன்றுவரை யாரும் பிரித்ததில்லை.