வெட்சி வளர்க்கும் முறை

கொத்துக் கொத்தாய் வெண்பூப் பூக்கும் விபர்னம் நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளுக்கு உரியது. ஜேடர்பாளையத்து வெயிலுக்கு ஏற்ற கொத்துப்பூச் செடி வெட்சியே. பண்டை நாளில் ஆநிரை கவரச் சென்ற மறவர் சூடிய இம்மலரைத்தான் இன்று நாம் இட்லிப்பூ என்கிறோம்.

ராஜவாய்க்கால் பாயும் ஊரில் வெட்சிக்குத் தண்ணீர் பெருங்குறையன்று, மண்ணே குறை. தளிரிலை மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்குமாயின் உரம் போதவில்லை என்றெண்ணி அடுப்புச் சாம்பலைக் கொட்டுவோர் நம்மில் உண்டு. அது கேட்டையே மிகுவிக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. சாம்பலும் சுண்ணாம்பின் குணமே உடையது. சுவரோரத்தில் காரைத்துண்டுகள் புதைந்த இடத்தில் நட்ட செடிக்கு இக்கேடு எளிதில் வரும்.

சாயமிடுவோர் கடுக்காயோடு சேர்த்துக் கறுப்பேற்றும் அன்னபேதியே இதற்கு மருந்து. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு விட்டு, உடனே மாலை வேளையில் இலைமீது தெளிக்க வேண்டும். 10 நாள் இடைவிட்டு மீண்டும் தெளிக்கலாம். வேரடியில் மக்கிய தொழுவுரம் இடுதல் நன்று.

பூங்கொத்து கிளை நுனியில்தான் தோன்றும். ஆகவே வேலிபோல் அடிக்கடி கத்தரித்தால் மொட்டையே இழப்போம். பூ ஓய்ந்த பின் ஒருமுறை வெட்டினால் போதும். வெட்டிய கிளைகளில் பாதி முற்றியவற்றை மழைக்காலத்தில் நிழலில் பதியனிட்டால் புதுச் செடிகள் கிடைக்கும்.