திறந்தவெளியில் நிற்கும் போர் விமானங்கள்

படைத்தள வாயில்களிலும் அருங்காட்சியக முற்றங்களிலும் பழைய போர் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். பறந்து ஓய்ந்த விமானத்திற்கு இனி என்ன தீங்கு வரப்போகிறது என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. பகைவரின் குண்டுகளுக்குத் தப்பிய விமானம், மழைக்கும் வெயிலுக்கும் தப்ப இயலாமல் அழிவதுண்டு. ‘மெம்பிஸ் பெல்’ என்னும் அமெரிக்க விமானத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

அது போயிங் நிறுவனம் உருவாக்கிய பி-17 வகைக் குண்டுவீச்சு விமானம். நான்கு இயந்திரங்களும் பத்து வீரர்களும் கொண்டது. ஓர் இறக்கையின் நுனியிலிருந்து மற்றதன் நுனிவரை 103 அடிக்கு மேல் நீளம். அதன் விமானி ராபர்ட் மார்கன், மெம்பிஸ் நகரில் வாழ்ந்த தம் அன்புக்குரிய மங்கையை நினைந்து அதற்கு அப்பெயரைச் சூட்டினார். ‘மெம்பிஸ் அழகி’ என்பது அதன் பொருள்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 25 முறை குண்டுவீசி மீண்ட வீரர் தாயகம் திரும்பலாம் என்பது அமெரிக்கப் படையின் விதி. அந்த எண்ணிக்கையை எட்டுமுன்னரே மாண்டவர் மிகப் பலர். மார்கனும் அவர்தம் தோழர்களும் 1943ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தம் 25ஆவது பயணத்தை முடித்தனர். பிறகு அவ்விமானம் தாயகம் திரும்பி ஊர் ஊராகப் பறந்தது. போர்க்கடன் பத்திரங்களை வாங்குமாறு மக்களை ஊக்குவிப்பதே அப்பயணத்தின் நோக்கம்.

போர் முடிந்தபின், பயனற்றவை என ஒதுக்கப்பட்ட விமானங்களிடையே அதுவும் கிடந்தது. 1946இல் மெம்பிஸ் நகரத்தார் அதனை 350 டாலருக்கு வாங்கித் தம் ஊருக்குக் கொணர்ந்தனர். அன்பினால்தான் வாங்கினர். ஆனால், அதற்குக் கூரை அமைத்துத் தந்தாரில்லை. பல்லாண்டுகள் அது வானமே கூரையாக நின்றது. நினைவுப் பொருள் வேண்டுமென்று வந்தவர்கள் உள்ளே புகுந்து அளவுகருவிகளைக் கழற்றிச் சென்றனர். 1987இல் பெரிய கூடாரத் துணியின் கீழ் நிறுத்தினர். பக்கங்கள் திறந்திருந்தமையால் காற்றும் ஈரமும் நுழைந்தன. புறாக்கள் மேலே கூடு கட்டி, எச்சத்தை விமானத்தின்மீது பொழிந்தன. அவ்வெச்சத்தில் உள்ள அமிலம் வண்ணப்பூச்சையும் அரிக்க வல்லது.

இரும்புதானே துருப்பிடிக்கும், அலுமினியத்திற்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். தூய அலுமினியம் மென்மையானது. ஆகவே விமானத் தகடுகளுக்கு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பைக் கலந்து வலுவூட்டினர். அச்செம்பே ஈரத்தில் உலோகம் அரிபடுவதற்கும் காரணமாகிறது. இதைத் தடுக்கத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாகப் போர்த்தினர். கீறல் விழுந்தாலோ, ரிவெட் ஆணிக்காகத் துளையிட்டாலோ அப்போர்வை அங்கே விலகிவிடும். பளபளப்பாக்குவதாகக் கருதி உப்புத்தாளால் தேய்ப்பவர், தம்மை அறியாமல் அந்தக் காப்பையே தேய்த்து எடுத்துவிடுகிறார்!

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மழைநீர் புகுந்தால் எளிதில் உலராது. அங்கே அலுமினியம் வெண்ணிறப் பொடியாக மாறும். அப்பொடி உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால், தகடுகள் உப்பி ஆணித்தலைகள் தெறித்துவிடும். வெளியே வண்ணம் அழகாக இருக்கும்; உள்ளே வலு இராது.

எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடம் இன்னும் கொடியது. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் உப்பும் புளியும் சேர்ந்த குழம்பை வைத்து, குழம்பின்மேல் படும்படி அலுமினியத் தாளால் மூடி வைத்தால் மறுநாள் தாளில் சிறு சிறு துளைகள் காணப்படும். இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து சிறு மின்கலமாகிவிடுகின்றன; அலுமினியம் கரைகிறது. கடற்காற்று வீசும் நம் நாட்டில் இதனைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெயிலும் சளைத்ததன்று. பி-17 விமானத்தின் வால் சுக்கான் முதலிய அசையும் பகுதிகள் துணியால் போர்த்தப்பட்டவை. வெயிலில் துணி இற்றுப்போகும், ஒளிபுகும் பிளாஸ்டிக் சன்னல்கள் மங்கி வெடிக்கும், டயர்கள் பிளக்கும்.

வெளியில்தான் நிறுத்த வேண்டுமென்றால் செய்யத்தக்கவை சில உண்டு. நன்னீரால் அடிக்கடி கழுவ வேண்டும். விமானத்தின் அடியிலுள்ள வடிதுளைகளை இலையும் கூடும் அடைக்காதவாறு பார்க்க வேண்டும்; என் கருத்தில் இதுவே தலையாய பணி. பறவைகள் புகும் வழிகளை வலையிட்டு அடைத்து, பளுவை டயர்மீது விடாமல் எஃகுத் தாங்கிகளில் ஏற்ற வேண்டும். எஃகும் அலுமினியமும் கூடுமிடத்தில் காப்புப் பூச்சு இட வேண்டும். இவை யாவும் அழிவைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்கமாட்டா.

2005இல் மெம்பிஸ் பெல், ஒஹாயோ மாநிலம் டேட்டன் நகரருகே உள்ள அமெரிக்க விமானப் படையின் தேசிய அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. சீரமைப்பு வேலை பல்லாண்டுகள் நடந்தது. அரிபட்ட பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தினர். அந்த 25ஆவது பயணம் முடிந்து சரியாக 75 ஆண்டுகள் நிறைந்த 2018ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், கூரையுள்ள மண்டபத்தில் அது மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டது.

சீரமைப்பின்போது ஒரு புதுமை நிகழ்ந்தது. உடற்பகுதியின் பின்புறத்தில் பழைய வண்ணத்தை நீக்கியபோது, அலுமினியத்தில் கீறப்பட்ட நூற்றுக்கணக்கான பெயர்களும் வாழ்த்துகளும் வெளிப்பட்டன. 1943ஆம் ஆண்டுப் பயணத்தின்போது அந்தந்த ஊர் மக்கள் அனுமதி பெற்று எழுதியவை அவை. கீறல் உலோகத்திற்குப் பகை என்று மேலே கூறினோம். ஆயினும், அத்தகட்டை எறிந்துவிட்டுப் புதிதொன்றைப் பொருத்தியிருந்தால், அப்பெயர்களும் அதனுடனேயே போயிருக்கும்.