எஞ்சின் நீர் எங்கே போகிறது?

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மோட்டார் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் சுமந்து சென்று, முன்புறமுள்ள ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்நீர் குறைந்தால் எஞ்சினின் தலைப்பகுதி சூட்டில் வளையும். அதன் அடியிலுள்ள காஸ்கெட் கெடும். ஒரு ரப்பர்க் குழாயின் விலையில் முடிய வேண்டிய காரியம், எஞ்சினையே பிரித்துக் கட்டும் செலவாகப் பெருகும்.

1888ஆம் ஆண்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் செய்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்குச் சென்றபோது, வழியெங்கும் நீர் ஊற்றிக்கொண்டே போக நேர்ந்தது. அவ்வண்டியில் நீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது. இன்றைய வண்டி அப்படியன்று. நீர் மூடிய வட்டத்தில் சுழல்கிறது. ஆதலால் நீர் மீண்டும் மீண்டும் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். நீரை ஊற்றி நிரப்புவது வீடு சேர உதவும். பழுது நீங்க உதவாது.

எம் விடுதி நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். வாரந்தோறும் நீர் குறையும். தரையிலோ ஒரு சொட்டும் இராது. ரேடியேட்டரை மாற்றிவிடு என்றார் பலர். நாகர்கோவில் பயணத்துக்குமுன் நாங்கள் இருவரும் அதனைச் சோதித்த வரிசையையே இங்கே தருகிறேன்.

முதல் விதி: எஞ்சின் சூடாயிருக்கையில் மூடியைத் திறவாதீர். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தைக் காக்கும் வால்வு. (சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம் இம்மூடிகளைச் செய்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே அனுப்பிப் புகழ்பெற்றது.) வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவு மிகுந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை 100லிருந்து சுமார் 120 டிகிரி செல்சியஸாக உயர்கிறது. 110 டிகிரியில் உள்ள நீரின் மூடியைத் திடீரெனத் திறந்தால் என்னாகும்? கணக்கிட்டுப் பாருங்கள். 10 டிகிரி மிகை வெப்பம், ஒரு லிட்டர் நீரில் சுமார் 18 கிராமை ஆவியாக்கும். அது ஏறத்தாழ 30 லிட்டர் நீராவி! முகத்தில் பாய்வது அதுவே. இரவு முழுதும் ஆறவிட்டுக் காலையில் தொடங்குவதே நலம்.

இரண்டாவது, சேமிப்புத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, வண்டியின் அடியில் பெரிய அட்டையை இரவில் விரித்து வையுங்கள். திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் ஏ.சி. இயந்திரத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது இயல்பு. அது கண்டு அஞ்ச வேண்டா. பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் அது கூலன்ட். அதை ஒருபோதும் நாவில் வைத்துப் பார்க்காதீர். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிந்தியதைக் கழுவாவிடில் நாயும் பூனையும் நக்கி மடியும்.

மூன்றாவது, விளக்கைப் பிடித்துக் குழாய் இணைப்புகளையும், நீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளையையும், ரேடியேட்டரின் ஓரங்களையும் பாருங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். காருக்குள் கால்வைக்குமிடம் நனைந்து இனிய வாடை வீசினால், உள்ளிருக்கும் ஹீட்டரை ஐயுறுக.

நான்காவது, அழுத்தச் சோதனை. மூடியின் இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அளவுக்கு, அதற்குமேல் போகாமல், காற்றை ஏற்ற வேண்டும். முள் இறங்கினால் கசிவு உண்டு. இக்கருவி வர்க்‌ஷாப்புகளில் இருக்கும். இவ்வூர் மெக்கானிக்கிடம் ‘சோர்ச்ச’ என்றால் போதும். கண்ணீர் சோர்ந்தது என்று நாம் சொல்லும் அதே சொல்தான். நண்பரின் வண்டியில் முள் மெல்ல இறங்கியது. மேல் ரப்பர்க் குழாயின் இணைப்பில் ஒரு துளி அரும்பிற்று. ஓடும்போது அது சூடான எஞ்சின்மேல் விழுந்து உடனே உலர்ந்ததால்தான் தரையில் தடமில்லை.

முள் இறங்கியும் வெளியே கசிவு தெரியாவிட்டால், எண்ணெய் பால்போல் வெளுத்துள்ளதா, புகைக்குழாயில் வெண்புகை விடாது வருகிறதா என்று பாருங்கள். அவை காஸ்கெட் கெட்டதன் அடையாளம். அது தொடக்கநிலையார் தொடும் வேலையன்று.

குழாயை மாற்றுவது எளிது. ஆறிய எஞ்சினிலிருந்து நீரைப் பாத்திரத்தில் வடித்து, கிளிப்பைத் தளர்த்திப் பழைய குழாயை எடுத்து, அதே அளவுள்ள புதியதைப் பொருத்திப் புதுக் கிளிப்பால் இறுக்க வேண்டும். பிறகு வண்டியின் கையேடு கூறும் கூலன்டையே ஊற்றுக. பெரும்பாலும் பாதி கூலன்ட், பாதி வாலைநீர். குழாய்நீரிலுள்ள உப்புகள் உள்ளே படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். நம் ஊரில் நீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்பார் உளர். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. காற்றுக்குமிழ் தங்காதபடி கையேட்டு முறையில் நிரப்பி, விசிறி சுழலும்வரை எஞ்சினை ஓட்டி, ஆறியபின் மட்டத்தை மீண்டும் பாருங்கள். மின்விசிறி எஞ்சின் நின்றபின்னும் தானே சுழலக்கூடும், கை பத்திரம்.

மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுக. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் திறந்த நீர் 96 டிகிரியிலேயே கொதிக்கும். கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் தாழ்ந்த கியரில் ஏறும் வண்டிக்கோ வெப்பம் மிகுதி, எதிர்க்காற்று குறைவு. அங்கே எஞ்சினைக் காப்பது அச்சிறு மூடியே.

நண்பரின் வண்டியில் ரேடியேட்டர் இன்றும் பழையதுதான். மாறியவை ஒரு குழாயும் இரு கிளிப்புகளுமே. விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள், புறப்படும் நாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே தொட்டியின் மட்டத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் செல்க.