மீண்டும் மிதிவண்டியில் பணிக்குச் செல்லலாமா?

மாரடைப்பிற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. "இனி சைக்கிளைத் தொடவே கூடாது" என்று தடுக்கும் குடும்பத்தினரும் உண்டு. நோயாளியின் விருப்பமும் குடும்பத்தின் அச்சமும் பொருளற்றவை அல்ல.

பயன் என்ன?

பிரிட்டனில் 2,60,000க்கும் மேற்பட்ட பொதுமக்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. மிதிவண்டியில் பணிக்குச் சென்றோரிடையே இறப்பு வாய்ப்பு, காரிலோ பொதுப் போக்குவரத்திலோ சென்றோரைவிட ஏறத்தாழ 41 விழுக்காடு குறைவாக இருந்தது. மிதிவண்டி மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. எனினும், அன்றாடப் பயணமே உடற்பயிற்சியாவது பெரும் நன்மை.

இடர் எங்கே?

உடலைப் போலவே சாலையையும் ஆராய வேண்டும். கோபன்ஹேகன் நகரில் மிதிவண்டித் தடங்கள் விளிம்புக்கல்லால் வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளன. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. ஆயினும் பெரும்பாலான சாலைகளில் தனித்தடம் இல்லை. ஆகவே, சற்றே சுற்றானாலும் பேருந்தும் லாரியும் குறைந்த உட்தெருக்களையே தேர்ந்தெடுங்கள்.

தொடங்கும் முறை

1. இதயநோய் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். முதலில் நடைப்பயிற்சியில் உடலைப் பழக்குங்கள்.

2. விடுமுறை நாள் காலையில், குடும்பத்தினர் ஒருவருடன் பணியிடம் வரை ஒருமுறை சென்று பாருங்கள். மேம்பாலம், குழி, நெரிசல் ஆகியவற்றை அவரும் அறிந்துகொள்ளட்டும்.

3. ஓட்டும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு சரியான அளவுகோல் ஆகாது.

4. இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோருக்குத் தலையில் படும் சிறு அடியும் ஆபத்தாகலாம். தலைக்கவசம் அணியுங்கள்; அடிபட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

5. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் வெறும் வயிற்றில் புறப்பட வேண்டா. சர்க்கரையோ குளுக்கோஸோ சட்டைப்பையில் இருக்கட்டும்.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே இறங்கி அமர்ந்து, 108ஐ அழையுங்கள். "வீடு பக்கந்தான்" என்று தொடர்ந்து மிதிக்க வேண்டா.

குடும்பத்தினருக்கு எங்கள் வேண்டுகோள்: தடுப்பதற்கு முன் ஒருமுறை உடன் சென்று பாருங்கள். வழி பாதுகாப்பற்றதெனத் தோன்றினால் அதை எங்களிடம் கூறுங்கள். வேறு பயிற்சியைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.