கண்ணைத் தொடாமல் கண்ணுக்குள் பார்க்கலாம்!



அறிவியல் பாடத்தில் கண் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறோம். விழித்திரையின் நடுவில் மஞ்சள் புள்ளி என்று ஒரு இடம் வரும். டாக்டர்கள் அதை 'மாக்குலா' என்பார்கள். அகலம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். ஆனால் எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை.

மாக்குலா கெட்டால் என்ன ஆகும்?

முழு இருட்டு ஆகாது. ஓரம் தெரியும், நடு மங்கும். நேர்கோடு வளைந்து தெரியும். கிழிந்த வலை தைக்கும் எங்க ஆயா, "வலைக்கண்ணு எல்லாம் கோணலா தெரியுதுடி" என்று சொன்னாங்க. வயசானால் புரை, கண்ணாடி மாத்தினா சரியாயிடும் என்பது நம்ம ஊர்ப் பேச்சு. ஆனால் புரை முன்பக்க லென்ஸில் வருவது. மாக்குலா இருப்பது கண்ணின் பின்சுவரில். அதற்குக் கண்ணாடி உதவாது. ஆயாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை நோய்.

எப்படிப் பார்க்கிறார்கள்?

1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், விழித்திரையைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். பிறகு கேமரா வந்தது. கை நரம்பில் சாய ஊசி போட்டுப் படம் எடுக்கும் முறையும் உண்டு. 1991-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் ஓ.சி.டி. ஸ்கேனை அறிவித்தார்கள். இதில் ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை.

காசிமேடு விசைப்படகில் எக்கோ சவுண்டர் பார்த்திருப்பீர்கள். ஒலி கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். ஓ.சி.டி.யும் அப்படித்தான், ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. ஆனால் ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும். எந்த ஸ்டாப்வாட்சாலும் பிடிக்க முடியாது! அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் இன்னொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்புகிறார்கள். திரும்பி வரும் இரண்டையும் சேர்த்தால் குறுக்கீட்டு விளைவு ஏற்படும். அதிலிருந்து கம்ப்யூட்டர் ஆழத்தைக் கணக்கிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை தெரியும். வஞ்சிரத்தை வெட்டாமலே துண்டத்தைப் பார்ப்பது போல!

ஆயாவின் படம்

மீஞ்சூரில் ரயிலேறி, 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். சில நொடிகளில் முடிந்தது. நல்ல கண்ணில் மாக்குலாவின் நடுவே சின்னப் பள்ளம் இருக்கும். ஆயாவின் படத்தில் அந்த இடம் மேடாக வீங்கி, உள்ளே கறுப்புக் கறுப்பாக நீர் தெரிந்தது. கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டார்கள். அடுத்த ஸ்கேனில் வீக்கம் குறைந்திருந்தது. போன பார்வை முழுசாகத் திரும்பவில்லை. இருப்பது நின்றது.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் படிக்கும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடி, அந்தப் புள்ளியைப் பார்க்கட்டும். பிறகு மறு கண். கோடு வளைந்தாலோ, கட்டம் மறைந்தாலோ உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

நினைவில் கொள்க: கோடு நேராகத் தெரிந்தாலும் சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்த நோய் எதுவுமே காட்டாது!