பிறந்த நட்சத்திரம் குணத்தைத் தருமா?



வார இதழ் வீட்டுக்கு வந்ததும் ராசிபலன் பக்கத்தைப் புரட்டாதவர் சிலரே. மேஷ ராசிக்காரர் முன்கோபி, கடக ராசிக்காரர் தாய்ப்பாசம் மிக்கவர், கன்னி ராசிக்காரர் கணக்கில் கெட்டிக்காரர் என்று பன்னிரண்டு ராசிகளுக்கும் குணங்களை வகுத்து எழுதியிருப்பார்கள். பேரக்குழந்தைகள் அதைப் படித்துச் சிரிப்பதில் தீங்கில்லை. ஆனால் அதே நம்பிக்கை ஒரு பெண்ணின் திருமணப் பேச்சில் புகுந்து அவள் வாழ்வைத் தடுக்குமாயின், அதை விளையாட்டென்று விட்டுவிட இயலாது. ராசி என்பது யாது, அதற்குரிய குணங்கள் எங்கிருந்து வந்தன, சோதித்தவர்கள் கண்டது என்ன, நம் குடும்பங்கள் செய்யத்தக்கது என்ன என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். முதலில் நம் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறிவிடுகிறோம்.

நாங்குநேரியில் எழுதிய தேதி

வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த நாம் ஆசிரியப் பயிற்சி முடித்து, 1972ஆம் ஆண்டில் நாங்குநேரி வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஜூன் மாதச் சேர்க்கையின்போது பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டால் பெற்றோர் பலருக்கும் தெரியாது. “வானமாமலைக் கோயில் தேருக்கு மறுநாள்” என்பார் ஒருவர். “குளம் பெருகின ஐப்பசி” என்பார் மற்றொருவர். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால்தான் சேர்க்க முடியும். ஆகவே ஐந்து ஆண்டுகளைக் கழித்து, ஜூன் முதல் தேதி என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது அக்காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் இருந்த வழக்கம். நாமும் அவ்வாறே எழுதினோம்.

அவ்வாண்டு ஒரு தாய் தன் மகளைச் சேர்க்க வந்தார். பிறந்த தேதியைக் கேட்டதற்கு, “அண்ணா செயிச்சதுக்கு அடுத்த மாசம், பதனிக் காலம்” என்றார். அப்படியானால் அது 1967ஆம் ஆண்டின் பங்குனியாகலாம். பின்பு குரலைத் தாழ்த்தி, “டீச்சரம்மா, இது மூலத்துல பொறந்தது. அப்பனை முழுங்கிட்டு நிக்குது” என்றார். குழந்தை பிறந்த நாற்பதாம் நாள், பனையேறச் சென்ற தந்தை மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனாராம்.

பிறந்த நாளே தெரியாதபோது நட்சத்திரம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். சாவு நிகழ்ந்த பிறகு ஊர்ச் சோதிடர் ஒருவர், தந்தைக்கு ஆகாத பிள்ளையாதலால் இது மூலமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னாராம். நட்சத்திரத்தைக் கண்டு துன்பத்தைச் சொல்லவில்லை. துன்பத்தைக் கண்டு நட்சத்திரத்தைச் சூட்டினார்கள். ஐந்து வயதுக் குழந்தை அருகில் நின்று இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது. நாம் பதிவேட்டில் 1.6.1967 என்று எழுதினோம்.

ராசி என்பது யாது?

சூரியனும் சந்திரனும் கோள்களும் செல்வதாகத் தோன்றும் வான்பாதை 360 பாகை கொண்டது. அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு பங்கு 30 பாகை. அதுவே ராசி. அதே பாதையை இருபத்தேழாகப் பகுத்தால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. அது நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதங்கள் வீதம் மொத்தம் 108 பாதங்கள், ஒரு ராசிக்கு ஒன்பது பாதங்கள். இருபத்தேழு நட்சத்திரப் பகுப்பு இந்நாட்டில் மிகத் தொன்மையானது. பன்னிரண்டு ராசிப் பகுப்போ பாபிலோனியரிடம் தோன்றிக் கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தது என்பது அறிஞர் முடிவு.

நாம் ‘என் ராசி’ என்று சொல்வது, பிறந்தபோது சந்திரன் இருந்த ராசியை. மேலைநாட்டாரோ சூரியன் இருந்த ராசியைக் கொள்வர். அவர்களுடைய மேஷம் மார்ச்சு 21ஆம் நாளையொட்டித் தொடங்கும். நம் பஞ்சாங்கப்படி சூரியன் மேஷத்தில் புகுவது சித்திரை முதல் நாளில்தான். பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றி வருவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் இவ்வேறுபாடு வளர்ந்து, இப்போது சுமார் 24 பாகையாக உள்ளது.

நாம் எழுதிய ஜூன் முதல் தேதியையே எடுத்துக்கொள்வோம். மேலைநாட்டு முறையில் அது மிதுனம். அன்று வைகாசி மாதமாதலால் நம் கணக்கில் சூரியன் இருப்பது ரிஷபம். சந்திரனைக் கொண்டு பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு வேறொரு ராசி. ஒரே தேதிக்கு மூன்று ராசிகள் என்றால், எந்த ராசியின் குணம் அப்பிள்ளைக்கு உரியது?

சந்திரன் ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டேகால் நாள் தங்கும். அதற்குள் நம் நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்துவிடுகின்றன. இத்தனை பேருக்கும் ஒரே குணம் அமையுமா என்பதை, ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திய எவரும் எளிதில் ஒப்பமாட்டார்.

குணப்பட்டியல் ஏன் பொருந்துவதுபோல் தோன்றுகிறது?

பத்திரிகை ராசிபலனுக்கு நெடிய வரலாறு இல்லை. 1930ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் செய்தித்தாளான ‘சண்டே எக்ஸ்பிரஸ்’, அம்மாதம் பிறந்த இளவரசி மார்கரெட்டின் எதிர்காலத்தைப் பற்றி நெய்லர் என்னும் சோதிடரைக் கொண்டு எழுதச் செய்தது. வாசகர் வரவேற்பு மிகவே அவர் தொடர்ந்து எழுதலானார். பிறந்த தேதிவாரியாகப் பன்னிரண்டு ராசிகளுக்கும் பலன் கூறும் பத்தி அவ்வழியில் பரவியது.

அது பொருந்துவதுபோல் தோன்றும் காரணத்தை 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் போரர் ஓர் எளிய சோதனையால் காட்டினார். தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணத்தேர்வு வைத்து, ஒருவாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் ‘உமக்கே உரியது’ என்று ஒரு குறிப்பைத் தந்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி மதிப்பெண் 4.26. பிறகுதான் உண்மையை வெளியிட்டார். அனைவருக்கும் தரப்பட்டது ஒரே குறிப்பு. அதன் வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ‘வெளியே உறுதியாகத் தோன்றினாலும் உள்ளே கவலைப்படுபவர்’ என்றால் எவர்தாம் மறுப்பார்? பொருந்தும் சொல்லை மனம் பிடித்துக்கொள்கிறது, பொருந்தாததை மறந்துவிடுகிறது.

குழந்தைகளின் ஜாதகங்கள்

‘பத்திரிகைப் பலன் வேறு, முறையாகக் கணித்த ஜாதகம் வேறு’ என்று சிலர் கூறலாம். அதையும் சோதித்துவிட்டார்கள். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் (2025இல் மறைந்தார்), மூடநம்பிக்கை ஒழிப்புக்கு உழைத்து 2013இல் புனேயில் கொலையுண்ட மருத்துவர் நரேந்திர தபோல்கர் முதலியோர் 2008இல் மகாராஷ்டிரத்தில் அதை நடத்தினர். கல்வியில் சிறந்த மாணவர் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்களைக் கொண்டு ஜாதகங்கள் கணிக்கப்பட்டன. அவற்றைக் கலந்து, பங்குபெற முன்வந்த சோதிடர்களுக்கு ஆளுக்கு நாற்பது வீதம் அனுப்பி, எது எப்பிள்ளையுடையது என்று பிரித்துத் தருமாறு கேட்டனர். விடை அனுப்பியோர் 27 பேர். சரியாக அமைந்தவை சராசரியாக நூற்றுக்கு 46. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் நூற்றுக்கு ஐம்பது சரியாக வந்திருக்கும்.

ஒரு பிள்ளைக்குப் படிப்பு வருமா, வராதா என்பதைவிடப் பெரிய வேறுபாடு வேறென்ன? அதையே காட்டாத ஜாதகம், அவன் கோபக்காரனா சாந்தமானவனா என்பதை எவ்வாறு காட்டும்?

ஐந்தில் ஒரு பெண்

இனி நம் இல்லங்களில் நடப்பதைக் கணக்கிடுவோம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கும் விசாகம் இளைய மைத்துனருக்கும் ஆகாது, பூராடத்துப் பெண்ணுக்குத் தாலி நிலைக்காது என்பர். இருபத்தேழில் ஐந்து நட்சத்திரங்கள் போயின. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண் பிறந்த அன்றே குற்றவாளி ஆகிறாள். மூலமும் பூராடமும் தனுசு ராசியைச் சேர்ந்தவை. குருவின் வீடு என்று தனுசு ராசிக்காரரை நேர்மையாளர், தெய்வபக்தியுடையவர் என்று பாராட்டும் அதே வாய், அவ்வீட்டுப் பெண்ணைத் தள்ளிவைக்கிறது.

சமணராகிய நமக்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒன்பதாம் தீர்த்தங்கரர் புஷ்பதந்தரின் ஜன்ம நட்சத்திரம் மூலம். பத்தாம் தீர்த்தங்கரர் சீதளநாதருடையது பூராடம். ஆலயத்தில் அவர்களை வணங்கிவிட்டு வீடு திரும்பி, அந்த நட்சத்திரங்களில் பிறந்த பெண் வேண்டாம் என்பது எவ்வகையில் பொருந்தும்?

ஊழே எல்லாம் என்ற ஆசீவகக் கொள்கையை மறுத்து வாதிடுவதற்கென்றே ‘நீலகேசி’யில் ஒரு சருக்கம் உள்ளது. சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன், அரசாளும் இலக்கணம் இளையவனுக்கே உண்டு என்றபோது, அண்ணன் மனம் நோகாதிருக்கத் துறவு பூண்டவர் இளங்கோவடிகள். குறித்துச் சொன்னதைவிடத் தாமே எடுத்த முடிவு பெரிது என்று வாழ்ந்து காட்டினார். வினைக்கொள்கையும் அத்தகையதே. தன்னைத் தான் ஆராய்ந்து திருந்துவதற்காகச் சொல்லப்பட்டதேயன்றி, கணவனை இழந்தவளையும் தந்தையை இழந்த குழந்தையையும் நோக்கி எறிவதற்குரிய கல் அன்று.

பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கம் ராசியோடு நிற்பதுமில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதே நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சாதியின் பெயரால் உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைக் களைய வழி கூறுமாறு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பிறந்த நேரம் குணத்தைத் தரும் என்பதும், பிறந்த குலம் குணத்தைத் தரும் என்பதும் ஒரே வேரின் இரு கிளைகள். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நமக்கு அச்செய்தி இன்றும் ஆறாத புண்.

அவள் கேட்ட கேள்வி

நாம் 1.6.1967 என்று எழுதிச் சேர்த்த அப்பெண், பிற்காலத்தில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தாள். திருமணப் பேச்சு வந்தபோது பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியைக் கொண்டு ஜாதகம் எழுதினார்கள். அத்தேதிக்குப் பஞ்சாங்கம் காட்டும் நட்சத்திரம் மூலம் அன்று. பொருத்தம் கூடிற்று. திருமணமும் நடந்தது.

சென்ற தை மாதத்தில் அவள் நம்மைக் காண வந்தாள். மகனுக்குப் பார்த்த பெண் எல்லா வகையிலும் நல்லவளாம். ஆனால் ஆயில்யமாம். மாமியாருக்கு ஆகாதென்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். “சோதிடம் பொய் சொல்லாது டீச்சர். என்னை மூலம்னு ஊரே சொல்லிச்சு. ஜாதகம் எழுதின பிறகுதானே நான் மூலம் இல்லைன்னு ஆச்சு” என்றாள்.

நாம் சிறிது நேரம் பேசவில்லை. அவள் நெஞ்சில் பல ஆண்டுகளாக நின்ற ஆறுதல் அது. எனினும் மற்றொரு பெண்ணின் வாழ்வு அதனால் தடைப்படும்போது மௌனம் வாய்மையாகாது. அத்தேதியை எழுதியவர் நாமே என்பதையும், அது அவள் பிறந்த நாள் அன்று என்பதையும் கூறிவிட்டோம். ஒரு பொய்யை மற்றொரு பொய் வெட்டியதில் நமக்குப் பெருமை எதுவும் இல்லை என்றும் சொன்னோம்.

வெகுநேரம் தலைகுனிந்திருந்தவள், “அப்போ நான் என்ன நட்சத்திரம் டீச்சர்?” என்று கேட்டாள்.

“தெரியாதம்மா. யாருக்கும் தெரியாது. உன் அப்பா மரத்திலிருந்து தவறி விழுந்தார். நீ நாற்பது நாள் குழந்தை. உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்த ஆயில்யத்துப் பெண்ணின்மேலும் இல்லை” என்றோம்.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். பெண் வீட்டாரிடம் மீண்டும் பேசினாளா என்பதை நாம் இன்னும் அறியோம்.

வீட்டில் செய்து பார்க்க

1. ராசிக் குணங்களை ராசியின் பெயரின்றித் தனித்தனித் தாளில் எழுதி, குடும்பத்தார் ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்துவதை எடுக்கட்டும். எத்தனை பேர் தம் ராசியையே எடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2. வீட்டு முதியோரின் சான்றிதழ்த் தேதியையும் உண்மையாகப் பிறந்த நாளையும் கேட்டு எழுதுங்கள். இரண்டும் வேறாயின், அவர் குணம் எந்தத் தேதியைப் பின்பற்றியது?

3. அடுத்த வரன் பேச்சில், நட்சத்திரம் கேட்பதற்கு முன் கல்வி, உடல்நலம், பழக்கவழக்கம், பெண்ணின் விருப்பம், பிள்ளையின் விருப்பம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். அவற்றுக்கு விடை கிடைத்த பின்னும் நட்சத்திரம் கேட்கத் தோன்றுமாயின், ஏன் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.