முழு வெயில் தோட்டத்திற்குரிய செடிகளைத் தெரிந்தெடுத்தல்

மேற்கு ராஜஸ்தானத்தில் ஜூலை மாதத்து முதல் மழையில் நடப்படும் கன்றுகளுள் எத்தனை பிழைத்தன என்பது, அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் தெரியவரும். நடுவிழா நிகழ்ந்து பத்து மாதங்கள் கழிந்தபின், பள்ளி வளாகங்களிலும் அலுவலக முற்றங்களிலும் காய்ந்த குச்சிகள் வரிசையாக நிற்பது அங்கு அரிய காட்சியன்று. தண்ணீர் போதவில்லை என்றும் வெயில் கொடிது என்றும் காரணம் கூறப்படுவது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆயினும், பல இடங்களில் அக்கன்று தெரிந்தெடுக்கப்பட்ட அன்றே அதன் முடிவும் தீர்மானமாகிவிடுகிறது என்பதைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் கவனித்தல் வேண்டும்.

தோட்டக்கலை நூல்களிலும் நாற்றுப்பண்ணைச் சீட்டுகளிலும் காணப்படும் 'முழு வெயில்' என்னும் குறிப்பு, நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நேரடி வெயில் படுவதைக் குறிக்கும். வெயில் எத்தனை நேரம் படுகிறது என்பதை இக்குறிப்பு கூறுமேயன்றி, அதன் கடுமையைக் கூறாது. ஜூன் மாதப் பிற்பகுதியில், நண்பகற் சூரியன் லண்டனில் அடிவானத்திலிருந்து சுமார் 62 பாகை உயரத்தில் நிற்கும். ஜோத்பூரிலோ 87 பாகை, அதாவது ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். இதனுடன் 'லூ' என்று வழங்கும் வெப்பக்காற்றும் சேர்கிறது. 1956ஆம் ஆண்டு மே மாதம் ஆல்வாரில் 50.6 டிகிரி செண்டிகிரேட் பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அப்போது ஜோத்பூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பலோடியில் பதிவான 51 டிகிரி அதனையும் கடந்தது. நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை இது. திறந்த மணற்பரப்பின் வெப்பநிலை கோடைப் பிற்பகலில் 60 டிகிரியையும் தாண்டுவதுண்டு. கன்றின் தண்டு மண்ணைத் தொடும் இடமும் மேல்மண்ணிலுள்ள இளவேர்களும் தாங்கவேண்டியது இந்த வெப்பத்தையே.

ஆகவே, குளிர்நாட்டு நூல் ஒன்று 'முழு வெயிலில் வளரும்' என்று கூறும் செடியை அப்படியே ஏற்பது சரியன்று. ரோஜா இதற்குத் தக்க உதாரணம். அது வெயிலை விரும்புவதே. நிழலில் மெலிந்து போகும். ஆனால் வட இந்தியச் சமவெளியில் அதன் சிறந்த மலர்ச்சி நவம்பர் முதல் மார்ச்சு வரையிலேயே அமைகிறது. அக்டோபரில் கிளை நறுக்குவதும் அதன் பொருட்டே. மே மாதத்தில் அதே செடியின் பூக்கள் சிறுத்து, இதழோரம் கருகிப் போகின்றன.

இனி, வெயிலைத் தாங்கும் செடி எவ்வாறு தாங்குகிறது என்பதை அறிதல் அவசியம். இலையின்மீது விழும் சூரிய சக்தியில் மிகச் சிறு பகுதியே ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது. எஞ்சியதில் இலை ஈர்த்துக்கொள்வது பெரும்பாலும் வெப்பமாகிவிடும். அவ்வெப்பத்தைத் தணித்துக்கொள்ளப் பெரும்பாலான செடிகள் இலைத்துளைகளின் வழியே நீரை ஆவியாக்குகின்றன. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். வேர் வேண்டிய நீரை அனுப்பும் வரை இலைக்குத் தீங்கில்லை. நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். குளிர்ச்சி நின்று இலை கொதிக்கத் தொடங்கும். எனவே, வெயிற் செடியைத் தேடுவோர் இரண்டு குணங்களில் ஒன்றேனும் உள்ளதா என்று பார்க்கவேண்டும். ஒன்று, ஆழத்து நீரை எட்டும் வேர்; மற்றொன்று, நீரை அதிகம் செலவிடாமலேயே வெப்பத்தைத் தவிர்க்கும் இலை. சிற்றிலைகள் வெப்பத்தைக் காற்றுக்கு எளிதில் விட்டுவிடுகின்றன. வெண்மையான மயிர்ப்படலம் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. நிமிர்ந்தோ தொங்கியோ நிற்கும் இலைமீது உச்சி வெயில் நேராக விழுவதில்லை.

முதற் குணத்திற்கு, ராஜஸ்தானத்தில் கேஜ்ரி என வழங்கும் வன்னி மரத்தைக் காட்டலாம். மிக ஆழமாகச் செல்லும் ஆணிவேரும், மிகச் சிறிய இலைக்கூறுகளும் அதற்கு உண்டு. பிற மரங்கள் வாடும் கோடையில் அது தளிர்த்து, பூத்து, காய்க்கிறது. அதன் அடியில் பயிர் நன்கு விளைவதால், உழவர்கள் வயல் நடுவிலேயே அதனை விட்டு வைக்கின்றனர். 1983இல் அம்மாநிலத்தின் மரமாக அறிவிக்கப்பட்டதும் இதுவே. ஆணிவேர் விரைந்து இறங்கும் மரமாதலால், குட்டையான பாலித்தீன் பையில் நெடுங்காலம் வைத்திருந்த கன்றை வாங்குவது வீண் செலவு. வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும்.

இலந்தையின் வழி வேறு. கோடை முற்றும்போது அது இலைகளை உதிர்த்து உறங்கிவிடும். இலையில்லாத மரத்திற்கு நீரிழப்பும் குறைவே. மழைக்குப் பின் துளிர்த்துப் பூத்து, ஜனவரி முதல் மார்ச்சு வரை பழம் தருகிறது. இதனை அறியாதார் மே மாதத்தில் மொட்டையாக நிற்கும் மரத்தைக் கண்டு, பட்டுப்போயிற்று என்று வெட்டிவிடுதலும் கூடும். ஓரளவு உப்பு நீரையும் பொறுத்துக்கொள்வதால், கிணற்று நீர் கரிக்கும் ஊர்களில் இலந்தைக்குத் தனி மதிப்பு உண்டு. மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூக்கும் ரோகிடா மரமும் இப்பகுதிக்கே உரியது. அது மெதுவாக வளரும் என்பது ஒன்றே குறை. பொறுமையுள்ள நிர்வாகம் இருக்குமிடத்தில் நடத்தக்கது.

புதர்ச் செடிகளுள் அரளி தாவரவியல் பாடத்திற்கே ஏற்ற மாதிரி. அதன் இலைத்துளைகள் இலையின் அடிப்புறத்திலுள்ள குழிகளுக்குள் மயிர்களால் மறைக்கப்பட்டிருப்பதால் வெப்பக்காற்று அவற்றை நேரே தீண்டுவதில்லை. சாதாரண உருப்பெருக்கியிலேயே அக்குழிகளின் அடையாளத்தைக் காணலாம். ஆயினும் அரளியின் எல்லா உறுப்புகளும் நச்சுத்தன்மை உடையவை. மஞ்சள் அரளியின் விதை மிகவும் கொடியது. சிறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும், ஆடுமாடுகள் நுழையும் முற்றத்திலும் இவ்விரண்டையும் நடாதிருத்தலே முறை. அவ்விடங்களுக்குக் காகிதப்பூச்செடி ஏற்றது. வண்ணப் பூவிதழ் எனத் தோன்றுபவை உண்மையில் பூவடியிலைகளே. முழு வெயிலும் சற்றே நீர்க்குறைவும் இருந்தால்தான் அது நிறைந்து பூக்கும். அன்பு மிகுந்து நாள்தோறும் நீர் ஊற்றினால் இலைதான் மிகும். முள் உள்ளதால் நடைபாதை ஓரத்தைத் தவிர்க்கவேண்டும்.

தரையை மூடுவதற்கு அறுகம்புல்லுக்கு இணையானது அரிது. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் விளக்கிய நான்கு கார்பன் வழி ஒளிச்சேர்க்கையைப் பின்பற்றும் புல் இது. கடும் வெயிலிலும் வெப்பத்திலும் இவ்வழி குறைந்த நீரைக் கொண்டு மிகுந்த உணவை ஆக்கவல்லது. மர நிழலிலோ இப்புல் மெலிந்து மறையும். பத்துமணிப்பூவும் இவ்வகையதே, வெயில் ஏறினால் விரியும், மேகம் மூடினால் குவியும்.

ஓராண்டுப் பூச்செடிகளைப் பொறுத்தவரை, இடத்தைவிடப் பருவமே முக்கியம். பெட்டூனியா, பிளாக்ஸ், காலெண்டுலா முதலியவற்றைச் செப்டம்பர், அக்டோபரில் விதைத்துக் குளிர்கால வெயிலில் வளர்க்கலாம். கோடைக்கு ஜின்னியா, வாடாமல்லி, கெய்லார்டியா ஆகியவற்றைப் பிப்ரவரி, மார்ச்சில் விதைப்பர். முதல் வகையை மார்ச்சில் விதைத்துவிட்டு வெயிலைப் பழிப்பது பொருந்தாது.

செடியைப் போலவே இடத்தையும் ஆராயவேண்டும். மேற்கு நோக்கிய சுவர், பிற்பகல் வெயிலை வாங்கி இரவு வரை வெப்பத்தை வெளிவிடும். அதன் அடியில் நடும் செடி திறந்தவெளிச் செடியைவிட அதிகம் துன்புறும். மேற்கு ராஜஸ்தானத்தில் பல இடங்களில், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே கங்கர் எனப்படும் சுண்ணாம்புக் கட்டி அடுக்கு காணப்படுகிறது. அதனைக் கடப்பாரையால் உடைக்காமல் நட்டால், ஆழ வேர் விடும் மரமும் தொட்டிச் செடியாகவே வாழ நேரும். குளிரையும் மறத்தலாகாது. கோடையில் 50 டிகிரியை எட்டும் சூரு நகரில், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே இறங்கியதுண்டு. வெயிலை நன்கு தாங்கும் முருங்கையும் இளம் வேப்பங்கன்றும் உறைபனியில் கருகிவிடும். முதல் இரண்டு குளிர்காலங்களில் அவற்றிற்கு வைக்கோல் மறைப்பு வேண்டும்.

நாற்றுப்பண்ணையில் நிழல்வலைக்கடியில் வளர்ந்த கன்று, வெயிற் செடியின் கன்றேயாயினும், அன்று வரை நிழலிலைகளையே பெற்றிருக்கும். அவை அகன்றும் மெல்லியனவாகவும் இருக்கும். திடீரென வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகும். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் தொடங்கி, இரண்டு வாரங்களில் படிப்படியாகத் திறந்தவெளிக்குக் கொண்டுவருதல் வேண்டும். பசுமையாய்த் தழைத்த உயரமான கன்றைவிட, வெயிலில் நின்று தடித்த சிறு கன்றே நல்ல தெரிவு. நட்டபின், மண்ணைச் சரிவாக அமைத்து மழைநீர் அடிமரத்தை நோக்கி வரச் செய்து, உலர்ந்த சருகினால் மூடாக்கிடலாம். நாள்தோறும் சிறிது நீர் விடுவது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். இடைவெளி விட்டு ஆழ நனைப்பதே நன்று. நண்பகலில் இலைமேல் விழும் நீர்த்துளி கண்ணாடி வில்லைபோல் இலையைச் சுடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 2010இல் வெளிவந்த ஹங்கேரி நாட்டு ஆய்வொன்று, வழவழப்பான இலைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை என்று காட்டியது. நீர் வீணாவதே நண்பகற் பாய்ச்சலின் குற்றம்.

எவ்வித வெயிலிலும் தானே வளரும் என்னும் பெருமையொன்றையே கொண்டு செடியைத் தெரிந்தெடுப்பதும் ஆபத்தானது. சீமைக்கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறண்ட நிலங்களுக்கு வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. உண்ணிச்செடி அழகுச் செடியாகவே இந்நாட்டிற்குள் வந்தது. இரண்டும் தோட்டத்து வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலங்களையும் காடுகளையும் ஆக்கிரமித்துள்ளமை யாவரும் அறிந்ததே. புதிய செடியைப் பெறும் பள்ளி, அது விதையால் எளிதில் பரவுமா என்று முதலில் விசாரித்தல் வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. வளாகத்தின் வரைபடத்தில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கொரு முறை நிழலின் எல்லையைக் குறிக்கச் செய்க. டிசம்பரில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் குறித்தால், ஆறு மணி நேர வெயில் பெறும் இடம் பருவந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பது விளங்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு வெறும் மண்ணிலும், மூடாக்கிட்ட மண்ணிலும், மேற்குச் சுவரின் அடியிலும் வெப்பமானியை ஐந்து செ.மீ. ஆழத்தில் வைத்து அளந்து, அளவுகளை அதே வரைபடத்தில் எழுதலாம். இவ்வேலையை ஏப்ரலுக்குள் முடித்துவிட்டால், ஜூலை நடவிற்குரிய செடிகளை நாற்றுப்பண்ணையிற் கேட்டுப் பெறவும், குழிகளை முன்னதாகவே வெட்டி ஆறவிடவும் போதிய அவகாசம் இருக்கும்.